துரைக்குத் தைத்த தொப்பி

குஷன்காரர் பொறாமைக்காரர். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். "பொறாமை இல்லன்னா அக்கறை இல்லன்னு அர்த்தம்" என்பார், உதட்டில் கவ்வியிருக்கும் ஆணிகளுக்கு நடுவிலிருந்தே. சொல்லிவிட்டு அதில் ஒன்றை எடுத்து, உறை மாட்டிக்கொண்டிருக்கும் சீட்டின் பலகையில் அடிப்பார்.

அடுத்தவன் மாடி கட்டினால் வயிறு எரிகிற வகை இல்லை அவர். எதிர் வரிசையில் கண்ணாடிக் கதவு போட்டு இன்னொரு குஷன் கடை வந்தபோதுகூட, பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அவருடைய பொறாமை மொத்தமும் ஒரே ஆளைச் சுற்றித்தான். அவருடைய மனைவி. அவள் யாரோடாவது சிரித்துப் பேசினால் போதும், அடுத்த தெருவில் இருந்தாலும் இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

பல் டாக்டர் விவகாரம் ஒன்று போதும். மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. ஒரு மணி நேரம் வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். குஷன்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கதவையே முறைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் கேட்டார், "அந்த ஆள்கிட்ட ஒரு மணி நேரம் வாயத் தொறந்துக்கிட்டு இருந்தே. எங்கிட்ட காலையிலேருந்து ஒரு தடவ தொறந்தியா?" அவளுக்குத் தாடை மரத்துப்போயிருந்தது, சிரிக்கக்கூட முடியவில்லை. அவள் படுத்திருந்த அந்த நாற்காலிக்கு உறை தைத்துக் கொடுத்தவரே இவர்தான் என்பது அவருக்குக் கூடுதல் எரிச்சல்.

கையை ஓங்குகிற ஆள் இல்லை. போகாதே, வராதே என்று தடுக்கிற ஆளும் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சுத்தியல் சத்தம் வழக்கத்தைவிட ஓங்கிக் கேட்டால், ஐயாவுக்கு எங்கேயோ உறுத்துகிறது என்று அடுப்படியில் இருந்தபடியே அவள் தெரிந்துகொள்வாள். பக்கத்துக் கடையில் பேட்டரி சார்ஜ் போடுகிற அவளுடைய தம்பிக்கும் அது தெரியும். மாமாவின் வாயைப் பிடுங்குவதைப்போல அவனுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மனைவி வேலைக்குப் போகிறேன் என்றாள். ஊருக்கு வெளியே, பழைய செங்கல் சூளை இருந்த இடத்தில், அழிந்துவரும் வேட்டைப் பறவைகளுக்காக ஒரு அறக்கட்டளை காப்பகம் நடத்திவந்தது. நன்கொடையில் ஓடுகிற இடம். கழுகு, வல்லூறு, ஆந்தை என்று அடிபட்டதும் பிடிபட்டதும் அங்கேதான் வந்து சேரும். தேறியவற்றைப் பறக்கவிடுவார்கள். இனி பறக்கவே முடியாது என்பவற்றை ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்கவைத்து, அந்தக் குஞ்சுகளைப் பறக்கவிடுவார்கள். கூண்டு கழுவ ஆள் கேட்டிருந்தார்கள்.

"அங்க ஆம்பளைங்க யாரு யாரு?" என்று குஷன்காரர் விசாரித்தார்.

"டாக்டரம்மா ஒருத்தங்க. சாப்பாடு வைக்க ரெண்டு பொண்ணுங்க. வாசல்ல ஒரு வாட்ச்மேன், அவருக்கு எழுபது வயசு இருக்கும்."

"எழுபதா, அறுபதா?"

"கண்ணே சரியாத் தெரியாதுங்க அவருக்கு."

அப்படியானால் சரி என்று அனுப்பிவைத்தார். அவள் பொய் சொல்லவில்லை. அங்கே இன்னொரு ஆண் இருப்பது அவளுக்கே அப்போது தெரியாது.

துரை ஓர் ஆண் வல்லூறு. புறாவைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, சாம்பல் முதுகு, கோடு போட்ட வயிறு, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். குஞ்சாக இருக்கும்போதே யாரோ கூட்டிலிருந்து திருடி, வீட்டுக்குள் வைத்துக் கையால் ஊட்டி வளர்த்துவிட்டார்கள். விற்கப் போன இடத்தில் பிடிபட்டு, அட்டைப்பெட்டியில் காப்பகத்துக்கு வந்தபோது காரியம் கெட்டுப்போயிருந்தது. கண் திறந்த நாளிலிருந்து மனித முகத்தையே பார்த்து வளர்ந்ததால், தானும் மனித ஜாதி என்று அது முடிவுகட்டிவிட்டது. வல்லூறுப் பெண்ணை உடன் விட்டால் மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. நடையும் பார்வையும் மட்டும் ஊரையே ஆளப் பிறந்த மாதிரி இருந்ததால் துரை என்று பெயர் விழுந்தது. அங்கே எல்லோரும் அதை 'அவர்' என்றுதான் சொல்வார்கள்.

பருவம் வந்ததும் துரை பெண் தேடியது, மனிதரில். டாக்டரம்மா உள்ளே போனார், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. சாப்பாடு வைக்கிற பெண்கள் போனார்கள், பறந்து வந்து தலையில் அறைந்தது. கூண்டுக்குள் குனிந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த குஷன்காரர் மனைவியின் முன்னால் மட்டும் வந்து இறங்கி, மூக்கு தரையில் படத் தலையைத் தாழ்த்தி, 'ஈச்சப், ஈச்சப்' என்று கூப்பிட்டது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் கும்பிடு போடுகிறாரே என்று மரியாதைக்குத் தானும் தலையைக் குனிந்தாள். அத்தோடு கல்யாணம் முடிந்துவிட்டது.

டாக்டரம்மா துள்ளிக் குதிக்காத குறை. பக்கத்துக் கொட்டகையில் ராணி என்று ஒரு பெண் வல்லூறு இருந்தது. காட்டில் பிறந்தது, இறக்கை முறிந்து வந்தது, வயதாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு பருவம் முட்டையிடும், அதுவும் இதுதான் கடைசியாக இருக்கலாம். காப்பகத்தில் இருந்த மற்ற ஆண்கள் எல்லாம் ராணியின் பிள்ளைகள். வேற்று வழியில் வந்த ஒரே ஆண் துரை. துரை ராணியை ஏறெடுத்தும் பார்க்காது. ஆனால் தன் மனைவி என்று நினைப்பவளின் தலைமேல் ஏறிக் கூடினால், அதன் விந்துவைத் துளியாகச் சேகரித்து ராணிக்கு வைத்துவிடலாம். அதற்கு அவள் தலையில் ஒரு தொப்பி வேண்டும். மெத்தென்று, விளிம்பு உயர்ந்து, நகம் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வரிவரியான ரப்பர் வைத்து.

"வேலைக்கு ஒரு தொப்பி வேணுங்க. மேல பறவ வந்து உட்கார்ற மாதிரி" என்று மட்டும் அவள் வீட்டில் சொன்னாள்.

குஷன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் தனக்கென்று அவள் எதையும் தைத்துக் கேட்டதில்லை. டேப்பை எடுத்து அவள் தலையைச் சுற்றி அளந்தார். ஒருமுறை அளந்தால் போதும், மூன்று முறை அளந்தார். நல்ல ஸ்பாஞ்ச், நல்ல ரெக்சின், கார் மிதியடி ரப்பர். யாரும் கேட்காமலே விளிம்பில் பழுப்பு நிறத்தில், உருண்டைக் கரையாகப் பைப்பிங் ஓடவிட்டார். தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ளச் சீட் பெல்ட் பட்டை, அதைச் சேர்க்கிற இடத்தில் பெட்டி மாதிரி நாலு பக்கமும் ஓட்டி, குறுக்கே இரட்டைத் தையல். "ரெண்டு ஆள் நின்னு இழுத்தாலும் பியாது" என்றார். அவள் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். அன்று சுத்தியல் சத்தமே இல்லை.

அதன்பிறகு சாயங்காலம் ஆனால் துரை புராணம்தான். துரை இன்று இப்படிப் பார்த்தார், துரைக்கு இன்று கோபம், துரை இன்று காடையின் தொடையை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். முதலில் குஷன்காரர் 'பறவைதானே' என்று கேட்டுக்கொண்டார். போகப்போக, பறவையாகவே இருக்கட்டும், அதற்கு எதற்கு அவர், இவர் என்று தோன்றியது. வெளியே சொல்லவில்லை, மென்று விழுங்கினார்.

ஒருநாள் மச்சினன் கைபேசியோடு வந்தான். "மாமா, அக்கா பெரிய ஆளாயிடுச்சு. இங்க பாருங்க."

நன்கொடையாளர்கள் பார்ப்பதற்காகக் காப்பகம் போட்டிருந்த வீடியோ. அவள் கூண்டுக்குள் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறாள். துரை வந்து தலை தாழ்த்துகிறது. அவளும் தாழ்த்துகிறாள். அது 'ஈச்சப்' என்கிறது. இவளும் 'ஈச்சப்' என்கிறாள், ரகசியம் பேசுகிற குரலில். அது ஒரு துண்டு இறைச்சியைக் கொண்டுவந்து நீட்டுகிறது. வாங்கிக்கொண்டு, தின்பதுபோலக் குனிகிறாள். பிறகு அது இறக்கையை அடித்துக்கொண்டு தொப்பிமேல் ஏறுகிறது. டாக்டரம்மா குரல் கூச்சமே இல்லாமல் விளக்குகிறது, துரைக்கு இவர்தான் மனைவி, இந்தத் தொப்பி இன்ன காரியத்துக்கு என்று.

அதற்குள் அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலிருந்து நாலைந்து மெக்கானிக்குகள் தோள்வழியாக எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"அக்கா தலையில தூக்கி வச்சுல்ல ஆடுது" என்றான் மச்சினன். "ஏன் மாமா, தொப்பி நம்ம கடைத் தையலா? பைப்பிங் பிரமாதம்."

குஷன்காரர் பைப்பிங்கைப் பார்க்கவில்லை. அந்தத் தொப்பி எதற்கு என்று தெரிந்தபோதுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அது மருத்துவம், ஏதோ ஆராய்ச்சி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அந்த இறைச்சித் துண்டை வாங்கும்போது அவள் முகம் போன போக்குதான் தாங்கவில்லை. கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை, கண்ணில் ஒரு சிரிப்பு. அந்த முகத்தை அவர் பார்த்ததே கிடையாது. தனக்குத் தெரியாமல் அப்படி ஒரு முகத்தை இவள் எங்கே வைத்திருந்தாள் என்று வயிறு பற்றி எரிந்தது.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தார்.

"எதுக்குடி அவ்வளவு வெக்கம்?"

"யாருக்கு?"

"வீடியோவுல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அது பறவைங்க."

"பறவைகிட்ட ஏன் வெக்கம்னுதான் கேக்கறேன்."

"தெனமும் தன் சாப்பாட்டுல முதல் துண்ட எடுத்து எனக்குக் கொண்டாந்து வைக்குது. நான் வாங்கினாத்தான் அது சாப்பிடும். அப்போ மூஞ்சிய எப்படி வச்சிக்கணும்னு சொல்லுங்க, வச்சிக்கறேன்."

"ஏன், நான் உனக்குச் சாப்பாடு போடலையா?"

"போடறீங்க" என்றாள் அவள்.

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கடைக்குப் போய், தைக்க வேண்டிய அவசரமே இல்லாத ஒரு சோபாவுக்கு விளக்கு வைக்கும் வரைக்கும் ஆணி அடித்தார்.

மறுநாள் காலை அவள் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து ஒளித்துவைத்தார். அவள் கிளம்பியதும், 'அடடா, மறந்துட்டுப் போயிட்டாளே' என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு, டப்பாவோடு வண்டியை எடுத்தார். பருவ காலத்தில் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பலகையே தொங்கியது. கண் சரியாகத் தெரியாத வாட்ச்மேன் இவரைத் தண்ணீர் கேன் போடுகிறவர் என்று நினைத்து, "நேராப் போங்க தம்பி" என்றார்.

நேராகத்தான் போனார். கடைசிக் கொட்டகையில், கம்பி வலைக்கு வெளியே நின்று அவள் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். வலைக்கு உள்ளே கட்டையில் துரை. குஷன்காரர் அப்போதுதான் அதை நேரில் பார்க்கிறார். இம்மாத்துண்டு. இதற்கா இவ்வளவு என்று இருந்தது. அதுவும் அவரைப் பார்த்தது, மேலும் கீழுமாக, கடனைத் திருப்பித் தராதவனைப் பார்ப்பதுபோல.

அவர் அவள் தோளில் கையைப் போட்டார்.

தெருவில், கடையில், சொந்தக்காரர்கள் முன்னால் ஒருநாளும் அவர் அவள் தோளைத் தொட்டவர் இல்லை. ஒரு பறவை பார்க்கட்டும் என்று தொட்டார். "ஐயோ, கைய எடுங்க" என்று அவள் பதறினாள். எடுக்கவில்லை. துரை எய்த மாதிரி வந்து வலையில் மோதியது, விழுந்தது, எழுந்து மறுபடியும் மோதியது. குஷன்காரர் அசையாமல் நின்று சிரித்தார். "நல்லாப் பார்த்துக்கோ" என்றார் அதனிடம். நாலைந்து தடவை மோதி ஓய்ந்து, துரை இருப்பதிலேயே தூரக் கட்டையில் போய் உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

அன்று கடையில் அவர் சினிமாப் பாட்டு முணுமுணுத்தபடி வேலை செய்தார் என்று மச்சினன் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான்.

துரை அதற்கப்புறம் தலை தாழ்த்தவில்லை. அவள் உள்ளே போய் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். வைத்த காடை வைத்த இடத்தில் காய்ந்தது. பக்கத்துக் கொட்டகையில் ராணி தரையைக் காலால் பறித்து, மார்பை அழுத்திக் குழி செய்ய ஆரம்பித்துவிட்டது. முட்டைக்கு இடம் தயார் செய்கிறது என்று அர்த்தம். டாக்டரம்மா கொட்டகையில் மாட்டியிருந்த கேமராவின் பதிவை ஓடவிட்டுப் பார்த்தார், தோளில் விழுந்த கையைப் பார்த்தார். அவளை ஒன்றும் சொல்லவில்லை.

அவளும் வீட்டில் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் குஷன்காரருக்குப் பழக்கமான இடம்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றாள். "பெரிய ஆம்பள ஒருத்தன் வந்து பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போயிட்டான்னு அவரு நெனச்சிக்கிட்டாரு. இனி என்னப் பார்க்க மாட்டாரு. ராணி இப்பவோ அப்பவோ முட்ட போட்டுடும். எல்லாம் கூமுட்டையாத்தான் போகும். அவரு வம்சம் அதோட சரி."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அந்த முகம் இனி துரைக்குக் கிடையாது. ஆனால் இவருக்கும் கிடையாது, யாருக்குமே கிடையாது. சாயங்காலத்தில் துரை புராணம் நின்றுபோனது. சாப்பிட்டீங்களா, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான் பேச்சு. தொப்பி தையல் மெஷின்மேல் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் குஷன்காரருக்குத் தன்மேல் காறித் துப்பலாம்போல வந்தது. மூன்றாம் நாளே கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தார்.

"அதுகிட்ட மன்னிப்பு கேக்க ஏதாவது வழி இருக்குங்களா?"

டாக்டரம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. "மன்னிப்பெல்லாம் அவருக்குப் புரியாது. தோக்கணும்."

"யாரு?"

"நீங்கதான்."

வலைதான் குழப்பிவிட்டது என்றார் டாக்டரம்மா. துரை அடிக்க வந்தது, எதிராளிமேல் அடி விழவே இல்லை, எதிராளி நகரவும் இல்லை. அதனால் விட்டுக்கொடுத்துவிட்டது. வலை இல்லாமல் இவர் உள்ளே போய், அதேபோல அவள் தோளில் கை வைத்து நிற்க வேண்டும். அது அடிக்கும். இவர் ஓட வேண்டும்.

"அவங்க உங்க பின்னாடி வரக்கூடாது. திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது. நீங்க ஓடின அந்த நிமிஷமே அவருக்குத் தல குனியணும். அப்பவும் சரியாகும்னு உறுதி கிடையாது."

"ஹெல்மெட் போட்டுக்கலாமா?"

"மூஞ்சி தெரியணும். கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கங்க."

அன்றே ஸ்பாஞ்ச் துண்டுகளைச் சேர்த்துக் கழுத்துக்கு ஒரு பட்டை தைத்துக்கொண்டார். அதற்கும் பைப்பிங் வைத்தார். பழக்கம். வெல்டிங் கடையில் கண்ணாடி இரவல் வாங்கினார். மச்சினன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக்கூட நீங்க இப்படி ரெடியாகல மாமா" என்றான்.

விடிந்ததும் கூண்டுக்குள் போனார்கள். தண்ணீர்த் தொட்டி, மணல், இரண்டு கட்டைகள், ஒரு ஓரத்தில் குனிந்து போகிற சின்னக் கதவு. அவள் தொப்பியின் பட்டையை மாட்டிக்கொண்டு நடுவில் நின்றாள். அவர் தோளில் கை வைத்தார்.

"ரொம்ப நேரம் நிக்காதீங்க, ஓடிடுங்க" என்று அவள் உதடு அசையாமல் சொன்னாள்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கௌரவமாக, வேகமான நடையில் வெளியேறலாம் என்பது அவர் போட்டிருந்த கணக்கு. சுவரைப் பார்த்திருந்த துரை திரும்பியதை மட்டும்தான் பார்த்தார், கிளம்பியதைப் பார்க்கவில்லை. உச்சந்தலையில் சம்மட்டி இறங்கியது. நிமிர்வதற்குள் காதில் இரண்டாவது. கண்ணாடி பறந்தது. கழுத்தில் சூடாக இறங்கியது. மூன்றாவது முறை அது எதிரே வந்தபோது குஷன்காரர் அதன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். கண் முழுக்கப் பொறாமை. அவருக்குத் தெரியாத பொறாமையா?

அவர் திருப்பி ஒரு அடி அடித்தால் போதும். தினமும் சுத்தியல் பிடிக்கிற கை. இம்மாத்துண்டு உடம்பு. வீடியோ, மெக்கானிக்குகள், அந்த முகம் எல்லாம் கைக்குள் வந்து நின்றன. கை உயர்ந்தும்விட்டது. உயர்ந்த கையால் தன் தலையைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

கௌரவமாக இல்லை. தண்ணீர்த் தொட்டியில் கால் இடறி மணலில் குப்புற விழுந்தார். முதுகில் இன்னொன்று வாங்கினார். நாலு காலில் தவழ்ந்து, சின்னக் கதவு வழியாக வெளியே விழுந்தார். விழுந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் முதுகுதான் தெரிந்தது. அவர் விழுந்த சத்தம் செங்கல் சூளை முழுக்கக் கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை. மெதுவாக மண்டியிட்டு, தலையைத் தரைவரைக்கும் தாழ்த்தி, 'ஈச்சப்' என்றாள்.

கதவில் பார்க்கிறதற்கென்று ஒரு ஓட்டை உண்டு. ரத்தம் வழிய வழிய அதில் கண்ணை வைத்தார். துரை மணலில் இறங்கி நெஞ்சை நிமிர்த்தி ஒரு நடை நடந்தது. நின்றது. அவளைப் பார்த்தது. பிறகு அதன் தலை தாழ்ந்தது, மூக்கு மணலில் பட. ஓடிப்போய்க் காய்ந்துகிடந்த காடையில் ஒரு துண்டைப் பிய்த்துவந்து அவள் கையில் வைத்தது.

"ரொம்ப நல்லா ஓடினீங்க" என்றார் பின்னாலிருந்து டாக்டரம்மா, பஞ்சை அழுத்தியபடி.

அப்புறம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். ராணி போட்ட முட்டைகளில் இரண்டு பொரிந்தன. குஞ்சுகள் மனித முகம் பார்க்காமல் ராணியிடமே வளர்ந்து, இறக்கை முற்றியதும் மலைப்பக்கம் கொண்டுபோய் விடப்பட்டன. குஞ்சுகளின் போட்டோவை அவள் காட்டியபோது குஷன்காரர் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பன் ஜாடைதான்" என்றார் கடுப்பாக. துரை இன்றும் அந்தக் கொட்டகையில் ராஜ்ஜியம் செய்கிறது. அதன் கண்ணில் குஷன்காரர் இனி படவே கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. மனைவியை அழைத்துவரப் போனால், வண்டியைச் சூளைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவள் வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து ஏறிக்கொள்கிறாள். கட்டிய புருஷன் கள்ளக்காதலன் மாதிரி ஒளிய வேண்டியிருக்கிறதே என்று மச்சினனிடம் புலம்புவார். புலம்பும்போது முகத்தில் வருத்தம் அவ்வளவாக இருக்காது.

ஆனால் அடி வாங்கிய அன்று சாயங்காலம் அப்படி இல்லை. ஆஸ்பத்திரியில் காதில் தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். தையல் இடைவெளி சரியில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்திருந்தார். கட்டோடு கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் செய்தது சரி, அது தெரியும். திரும்பக்கூடாது என்பதுதான் பேச்சு, அதுவும் தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை.

அவள் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"நான் விழுந்தேனே, சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பெருசாத்தான் விழுந்தேன்."

அவள் பையிலிருந்து தொப்பியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "பட்டையக் கொஞ்சம் தச்சுக் குடுங்க. பிஞ்சுபோச்சு."

குஷன்காரர் எடுத்துப் பார்த்தார். தாடைப் பட்டை சேர்கிற இடம் ரெக்சினோடு கிழிந்து தொங்கியது. பெட்டித் தையலில் மூன்று பக்கம் அறுந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். நம்ப முடியவில்லை.

"இது பியாதே. துரை நகத்துக்கு இந்த இடம் எட்டவும் எட்டாது. இத யாராவது உயிரக் குடுத்து இழுத்தாத்தான் பியும்."

"ஆமா" என்றாள் அவள். "நீங்க விழுந்த சத்தம் கேட்டப்போ பிடிச்சிக்க அங்க வேற ஒண்ணும் இல்ல."

அவர் எழுந்து மெஷினுக்குப் போய், ஊசியில் நூலைக் கோர்க்க முயன்று, கண் சரியாகத் தெரியாமல் இரண்டு தடவை விட்டார்.

"காலையில வேணுமா?"

"விடியும்போதே காத்திட்டிருப்பாரு."

இந்தத் தடவை மூன்று வரிசை போட்டு, உள்ளே ஒரு தோல் துண்டும் வைத்துத் தைத்தால் என்ன இழுத்தாலும் வராது என்று யோசித்தார். தோல் துண்டை வெட்டக்கூட வெட்டினார். அப்புறம் அதைக் கீழே போட்டுவிட்டு, முன்பு இருந்த மாதிரியே இரண்டு வரிசை மட்டும் ஓட்டினார்.